எம்.டி. கீழே இறங்கிய புதன்கிழமை

"டேபிளா, டிவ்வா?"

"இன்னாங்க?"

"இல்ல, வெப் டிசைன் சொல்லிக் குடுக்கறீங்கன்னு சொன்னாங்க. பக்கத்தை எதுல பிரிப்பீங்க? டேபிளா, டிவ்வா?"

"எது நிக்குதோ அதுல."

"எங்க நிக்கணும்?"

"இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல, அதான் ஐ.ஈ.ல. ஊர்ல எல்லாரும் அதுலதானே பாக்கறாங்க?"

"அதெல்லாம் ஒரு பிரவுசரா? ஃபயர்ஃபாக்ஸ்ல நின்னா போதும்."

"அப்போ உங்க சைட்டை நீங்க மட்டும்தான் பாப்பீங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில், திருவள்ளூர் வீட்டு மொட்டை மாடியில், தனியாகப் பேசிக்கொள்ளக் கிடைத்த பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் இப்படிப் போயிற்று. மணவாளன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலேயே புவனேஸ்வரி மனதுக்குள் சரி சொல்லிவிட்டாள். அவன் பந்தாவாக விசிட்டிங் கார்டை உருவ, கூடவே ரயில்வே சீசன் டிக்கெட்டும் கீழே விழுந்தது.

"தினம் எட்டு பத்து வண்டி. பொன்னேரில ஏறினா நடுவுல கவரைப்பேட்டை, அடுத்தது கும்மிடிப்பூண்டி. பெயிண்ட் கடை மாடில ஆபீஸு. இப்போதைக்கு நான் மட்டும்தான்."

அந்த 'நான் மட்டும்தான்' அவளுக்குப் பிடித்திருந்தது. 'அப்போ எனக்கும் ஒரு சீசன் டிக்கெட் எடுத்துத் தருவீங்களா?' என்று கேட்க வாயைத் திறந்தாள். பஜ்ஜி ஆறிப் போகிறதென்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். இருவரும் இறங்கிவிட்டார்கள்.

அது 2005-ம் வருடம். இப்போது 2007. கல்யாணமாகி இரண்டு வருடம் ஓடியும் அந்தக் கேள்வி இன்னும் மொட்டை மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது. முதல் இரண்டு மாதம் விருந்து. பிறகு மாமியார் தாயாரம்மாளுக்குக் கண் ஆபரேஷன். அதற்குப் பிறகு காரணம் எதுவும் இல்லாமலேயே நாள் போயிற்று. ஒரு விஷயத்தைக் கேட்காமல் தள்ளிப்போட்டால் அது உள்ளேயே வளர்ந்து, பிறகு வாய் வழியாக வெளியே வர முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. மணவாளன் கெட்டவன் இல்லை. மனைவி வேலைக்கு வரக் கூடாது என்று ஒருநாளும் சொன்னவனில்லை. வா என்றும் சொன்னதில்லை, அவ்வளவுதான். தானாகக் கேட்டு வாங்கினால் பாவம் பார்த்துக் கொடுத்தது போலாகிவிடும். அவனாகக் கூப்பிட வேண்டும் என்று புவனேஸ்வரி பிடிவாதமாகக் காத்திருந்தாள்.

சும்மா காத்திருந்தாள் என்று சொல்லிவிட முடியாது.

மணவாளன் டிவ் கட்சி. கட்டம் கட்டமாகக் கோடு கிழித்துப் பக்கத்தைப் பிரிப்பது பாமரத்தனம், பெட்டிகளைத் தனித்தனியாக மிதக்கவிட்டு ஸ்டைல் ஷீட்டால் இடம் சொல்வதுதான் நாகரிகம் என்பது அவன் கொள்கை. தாயாரம்மாள் ஒருநாள், "இன்னாடி அது, ராப்பகலா டேபுளு டிவ்வுன்னு அட்ச்சிக்கிறீங்க?" என்று கேட்டபோது புவனேஸ்வரி இப்படித்தான் விளக்கினாள்.

"அத்தை, டேபிள்னா ஓட்டல்ல குடுப்பாங்களே குழித்தட்டு, அது. சாம்பார் சாம்பார் குழியிலயே நிக்கும், பாயசம் பாயசக் குழியிலயே நிக்கும். டிவ்னா வாழை இலை. பாக்க அழகு. ஆனா கொஞ்சம் அசந்தா ரசம் ஓடிப்போயி பாயசத்துல நிக்கும்."

"அவன் ரசம் ஓடுதா?"

"ஃபயர்ஃபாக்ஸ்ல ஓடாது. ஐ.ஈ.ல ஆறா ஓடுது."

மணவாளனுக்கு அது தெரியவே தெரியாது. ஏனென்றால் அவன் ஐ.ஈ.யைத் திறப்பதில்லை. எங்கோ படித்துவிட்டு, ஐ.ஈ.க்கு மட்டும் தனியாக ஒரு ஸ்டைல் ஃபைல் வைத்து அதற்கு இணைப்பும் கொடுத்திருந்தான். அந்த ஃபைலை ஐ.ஈ. மட்டும்தான் படிக்கும், ஃபயர்ஃபாக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காது. உள்ளே ஒரு வரிகூட எழுதாமல் காலியாக விட்டிருந்தான். 'நம்ம கோடுக்கு அதெல்லாம் தேவைப்படாது' என்பது எண்ணம். ஒரு சைட்டிலிருந்து அடுத்த சைட்டுக்கு அந்தக் காலி ஃபைலும் கூடவே போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காலி இடத்தில்தான் புவனேஸ்வரி குடியேறினாள்.

மாலையில் அவன் வேலையைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவருவான். காலையில் அவன் குளிக்கப் போனதும் இவள் பென் டிரைவைச் செருகி, பக்கத்தை ஐ.ஈ.யில் திறந்து, எது எங்கே ஓடியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு மருந்தாக இரண்டு வரியை அந்த ஃபைலில் எழுதிவைத்துவிடுவாள். குளியலறைக் கதவுக்கு வெளியே வெங்காயம் உரித்தபடி தாயாரம்மாள் காவல்.

"சோப்பு போட்டுக்கினு கீறான். நீ செய்."

பிறகு, "தண்ணி ஊத்தறான்... பக்கெட்டு மக்கு சத்தம் நின்னுட்ச்சி, எழுந்து வா, எழுந்து வா!"

இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட மாட்டிக்கொண்டதில்லை. அவன் ஆபீசுக்குப் போய் மொத்த ஃபோல்டரையும் சர்வரில் ஏற்றுவான். அவனிடம் சைட் செய்துகொண்ட சிப்காட் தொழிற்சாலைகளில் எல்லோரும் ஐ.ஈ.யில் பார்த்துவிட்டு, "சூப்பரா நிக்குதுப்பா" என்பார்கள். அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை வரைக்கும்.

சுப்பிரமணி என்று அவனுடைய காலேஜ் சிநேகிதன், சென்னையில் இதே தொழில். போனில் கூப்பிட்டிருந்தான். மணவாளன் கூடத்தில் உலாவிக்கொண்டே பேசியது அடுக்களைக்கு நன்றாகக் கேட்டது.

"ஐ.ஈ. பிராப்ளமா? எனக்கு வந்ததே இல்லடா மச்சான். சுத்தமா எழுதினா அது தானா அடங்கிடும்... யாரு, புவனாவா? அவளும் படிச்சதுதான், ஆனா இன்னும் டேபிள்லயே நிக்கிறா. நம்ம ஊட்டுல டேபிள்னா நாஷ்டா வைக்கறதுக்குத்தான்னு சொல்லிவெச்சிகிறேன்!"

அவன் சிரித்தான். போனுக்குள் சுப்பிரமணியும் சிரித்திருக்க வேண்டும்.

புவனேஸ்வரி அடுப்பைக் குறைத்தாள். தாயாரம்மாள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒத வேணும் அவனுக்கு," என்றாள் தாயாரம்மாள்.

"உதையெல்லாம் வேணாம் அத்தை. லீவு போடலாம்னு பாக்கறேன்."

மறுநாள் காலை தாயாரம்மாள் வழக்கம்போல் வெங்காயத்தோடு உட்கார்ந்தாள். புவனேஸ்வரி வழக்கம்போல் பென் டிரைவைச் செருகினாள். இதுவரை அவள் எழுதிச் சேர்த்தது முப்பத்தெட்டு வரிகள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். ஃபைல் இரண்டு வருடத்துக்கு முன்பிருந்தது போல் வெறிச்சென்று ஆகிவிட்டது. அதன் நகல் ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் 'சமையல் குறிப்பு' என்ற ஃபோல்டரில் எப்போதும் இருக்கும். அதில் மணவாளன் கை வைக்கவே மாட்டான்.

"இவ்ளோ சீக்கிரம் முட்ச்சிட்டியா?" என்றாள் தாயாரம்மாள். "அவன் இன்னும் சோப்பே போடலையே."

"இன்னிக்கு வேலை கம்மி."

அவள் கணக்கு இதுதான்: இப்போது அவன் கையில் இருப்பது ஏதோ தெருக் கடையின் சைட் இல்லை, ஒரு பம்ப் தொழிற்சாலையின் சைட். வெள்ளிக்கிழமைதான் அதன் எம்.டி. பார்க்க வருகிறார். அதற்குள் அங்கே நிர்வாகம் பார்க்கும் செங்கல்வராயன் எதையாவது கண்டுபிடித்துச் சொல்லுவார். இவன் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்வான். பிறகு வேறு வழியில்லாமல், 'புவனா, கொஞ்சம் பாரேன்' என்பான். அந்த 'பாரேன்' கிடைத்துவிட்டால் அடுத்தது சீசன் டிக்கெட்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுப் போன் அடித்தது.

"புவனா, எம்.டி. கீழ எறங்கிட்டார்!"

"எங்கேர்ந்துங்க?"

"வலது பக்கத்துலேர்ந்து! போட்டோ, அவரு உரை, எல்லாம் பக்கத்து அடியில இருக்கற காப்பிரைட் வரிக்கும் கீழ போயி நிக்குதாம். செங்கல்வராயன் சார் கத்தறார். என் மெஷின்ல நல்லாத்தானே வருதுன்னேன். அப்போ உன் மெஷினைத் தூக்கிக்கினு போயி எங்க எம்.டி. மடில வைன்றார்."

"வெள்ளிக்கிழமைதானே வர்றாரு? பொறுமையா பாருங்க."

"இன்னிக்கே வர்றார்! மூணு மணிக்கு! இந்த சைட்டைப் பாத்துட்டு அவங்களோட மத்த ரெண்டு கம்பெனியையும் நம்மகிட்ட குடுக்கறதா இருந்தாங்க. இப்போ இருக்கறதும் போயிடும் போலக்குது."

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க..."

"சார் மாடிப்படி ஏறி வர்றார், வெச்சிடறேன்!"

மறுபடி கூப்பிட்டாள். எங்கேஜ்டு. இன்னொரு தடவை. எங்கேஜ்டு. கிடைத்தாலும் முப்பத்தெட்டு வரியைப் போனில் ஒப்பிக்க முடியுமா? ஒரு அரைப்புள்ளி தவறினாலும் எம்.டி. இன்னும் ஆழத்துக்குப் போய்விடுவார். சீசன் டிக்கெட் கேட்கப்போய் ஆபீசே இல்லாமல் போய்விடும்.

சமையல் குறிப்பு ஃபோல்டரைத் திறந்து ஒரு ஃபிளாப்பியில் நகலெடுத்தாள். தாயாரம்மாள் வாசலில் செருப்பை எடுத்து நேராக வைத்தாள்.

"அத்தை, குழம்பு..."

"நான் பாத்துக்கறேன். நீ போயி அவனை மேல ஏத்து."

"அவரை இல்ல அத்தை, எம்.டி.யை."

"யாரையோ ஏத்து! பன்னெண்டே முக்கா வண்டி போயிடப் போவுது!"

பொன்னேரி ஸ்டேஷனில் கவுண்டரில் இருந்தவர், "போக வரவா?" என்று கேட்டார். "போக மட்டும்," என்றாள். திரும்பி வருவது எந்த முகத்தோடு என்று அவளுக்கே தெரியாது. ஜன்னலுக்கு வெளியே நாற்று நட்டிருந்த வயல்கள் ஓடின. கவரைப்பேட்டையில் வண்டி நின்ற மூன்று நிமிடம் அவளுக்கு மூன்று நாளாக இருந்தது.

ஆபீசுக்கு அவள் வருவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை, கல்யாணமான வாரத்தில் சாமி படத்துக்குப் பூ போட. மாடிப்படி முழுக்கப் பெயிண்ட் தின்னர் நாற்றம். மேலே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு நாற்காலி. அதில் வியர்த்து விறுவிறுத்து மணவாளன். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டிரம்மின் மேல், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, ஐம்பது வயதான செங்கல்வராயன்.

"யாரு இது?" என்றார் அவர்.

"என் வொய்ஃபு சார். புவனா, நீ எங்க இங்க? அம்மாக்கு இன்னா?"

"அத்தை நல்லா இருக்காங்க." அவள் திரையைப் பார்த்தாள். பார்த்தவள் அந்த நிலைமையிலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திரை முழுக்க டேபிள். டேபிளுக்குள் டேபிள். அதற்குள் இன்னொன்று. "இன்னாங்க இது? குழித்தட்டு வாங்கிட்டீங்க போலக்குது?"

"வயித்தெரிச்சலைக் கொட்டிக்காத. நின்னா போதும்னு ஆகிட்ச்சி."

"எவ்ளோ முடிஞ்சிருக்கு?"

"மேல் மெனு மட்டும். இன்னும் பதினோரு பக்கம் இருக்குது."

"மணி ஒண்ணு நாப்பது," என்றார் செங்கல்வராயன். "நான் இந்த டிரம்முலயே பொறந்து இதுலயே செத்துடுவேன்னு தோணுது."

"டேபிளை மூடுங்க," என்றாள் புவனேஸ்வரி. "உங்க டிவ்வே இருக்கட்டும். அதுல தப்பு ஒண்ணும் இல்லை. எழுந்திருங்க."

"இன்னா?"

"எழுந்திருங்கன்னேன்."

அவன் எழுந்தான். எதற்கு எழுந்தோம் என்று புரியாத முகம். அவள் உட்கார்ந்து ஃபிளாப்பியைச் செருகினாள். டிரைவ் கர்கரவென்று கனைத்தது. காலி ஃபைலின் இடத்தில் தன்னுடையதை வைத்து சர்வரில் ஏற்றினாள். திரையின் ஓரத்தில், இரண்டு வருடமாகச் சொடுக்கப்படாமல் கிடந்த ஐ.ஈ.யின் அந்த நீல 'ஈ' எழுத்தைச் சொடுக்கினாள்.

பக்கம் மெள்ள மெள்ள இறங்கியது. இடது பக்கம் மெனு. நடுவில் பம்ப். பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. செங்கல்வராயன் டிரம்மிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

வலது பக்கம், மேலே, கோட்டு சூட்டோடு எம்.டி. வந்து நின்றார்.

"ஏறிட்டார்யா!" என்று செங்கல்வராயன் கை தட்டினார். "எங்க அய்யா மேல ஏறிட்டார்! இன்னாம்மா பண்ண?"

"பெருசா ஒண்ணும் இல்லை சார். இடது பக்கம் மிதக்கற பெட்டிக்கு இருபது புள்ளி இடம் விடுன்னு இவரு சொன்னா, ஐ.ஈ. அதை நாப்பதா எடுத்துக்கும். அகலம் பத்தாம கடைசிப் பெட்டி கீழ விழுந்துடும். அதை ஒரு வரி எழுதி அடக்கணும். அவ்ளோதான்."

"இதைத்தான் காலைலேர்ந்து இவரு 'என் மெஷின்ல வருது, என் மெஷின்ல வருது'ன்னு சொல்லிக்கினு இருந்தாரு." அவர் எழுந்து பேண்டைத் தட்டினார்; பின்பக்கம் வட்டமாக நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. "மூணு மணிக்கு ரெண்டு பேரும் ஃபேக்டரிக்கு வந்துடுங்க. எம்.டி.க்கு இந்தம்மாவே சொல்லட்டும். இருபது நாப்பதாகற கதை அவருக்கு ரொம்பப் புடிக்கும்."

அவர் படி இறங்கிப் போனார். மணவாளன் குனிந்து, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஃபைலைத் திறந்தான்.

ஒவ்வொரு வரிக்கும் மேலே, பிரவுசர் படிக்காமல் தாண்டிப்போகிற குறிப்பாக, ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது. தேதியோடு.

"'முதல் தப்பு. இவருக்குத் தெரியாது. தெரியவும் வேணாம், மனசு ஒடிஞ்சிடுவார்,'" என்று அவன் வாய்விட்டுப் படித்தான். அடுத்தது. "'இருபது குடுத்தா நாப்பது எடுத்துக்குது. அத்தை காபில சர்க்கரை போடற மாதிரி.'" இன்னும் கீழே. "'மூணு புள்ளி எங்கயோ ஒளிஞ்சிக்குச்சு. கண்டுபுடிக்கறதுக்குள்ள தோசை கருகிடுச்சு. கருகினதை ஒண்ணும் சொல்லாம சாப்ட்டார். நல்ல மனுஷன்.'"

கடைசியாகச் சேர்த்தது போன வாரத்துத் தேதி. "'டேபிள் போட்டிருந்தா இந்தப் பாடு இல்லை. ஆனா இலை அழகாத்தான் இருக்கு. அவர்கிட்ட ஒத்துக்கக் கூடாது.'"

அவன் நிமிர்ந்தான். காது சிவந்திருந்தது.

"ரெண்டு வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி..."

"பின்னாடி இல்லைங்க. நெட்லதான் இருக்கு. உலகமே படிக்கலாம். நீங்க ஒருத்தர்தான் படிக்கலை."

"அம்மாக்குத் தெரியுமா?"

"காவலே அவங்கதான்."

அவன் பெயிண்ட் டிரம்மின் மேல் உட்கார்ந்தான். "அப்போ இன்னிக்கு மட்டும் எம்.டி. ஏன் கீழ எறங்கினார்?"

இனி அவளுக்கு மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "நான்தான் அழிச்சேன். லீவு போட்டேன். எம்.டி. இன்னிக்கு வர்றார்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். அது தப்புதான். வண்டியில வர்றப்போ உயிரே இல்லை."

"நேத்து சுப்பிரமணிகிட்ட நான் பேசினது கேட்டுட்ச்சா?"

"நாஷ்டா டேபிள் வரைக்கும் கேட்டுச்சு."

"சும்மா பந்தாக்குச் சொன்னேன் புவனா."

"தெரியும். அதனாலதான் ஒரு நாள் லீவோட விட்டேன்."

அவனால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டான். திருவள்ளூர் மொட்டை மாடியில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு திரையைக் காட்டினான்.

"முப்பத்தெட்டு வரி. தோசையெல்லாம் எழுதிகிற, சர்க்கரையெல்லாம் எழுதிகிற. உனக்கு இன்னா வேணும்னு மட்டும் ஒரு எடத்துலயும் எழுதலியே. ஒண்ணுமே வேணாமா உனக்கு?"

கீழே தண்டவாளத்தில் ஏதோ வண்டி ஊதிக்கொண்டு போயிற்று. பஜ்ஜி ஆறுகிறது என்று கத்த இங்கே யாருமில்லை. புவனேஸ்வரி நாற்காலியை மேஜையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்த்தினாள். இன்னொரு நாற்காலி போட எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு. இருபது கேட்டால் நாற்பது எடுத்துக்கொள்வதில் தப்பில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

"எனக்கும் ஒரு சீசன் டிக்கெட் எடுங்க," என்றாள். "எட்டு பத்து வண்டிக்கு. ஜன்னல் பக்கம் எனக்கு."